கழுத்தின் கருமைக்கு எந்தக் கிரீமை வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு வயது 14. ஓராண்டாக அவளுடைய பின்கழுத்தும் அக்குளும் கறுத்து வருகின்றன. ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று நானே கடிந்துகொண்டு, நார் வைத்துத் தேய்த்துவிட்டேன். தோல் சிவந்ததே தவிர, கருமை போகவில்லை. பிறகு இணையத்தில் பார்த்து ஒரு வெளுப்பூட்டும் கிரீம் வாங்கினோம். பத்து நாளில் நிறம் சற்றுத் தெளிந்தது. நிறுத்தியதும் முன்னைவிடக் கறுத்து, அக்குளில் எரிச்சலும் வந்துவிட்டது. விலை கூடியதாக வேறொன்றை வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கிரீமைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது அழுக்கு அல்ல என்பதை உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். தன் தவறே இல்லாத ஒன்றுக்காக ஏச்சு வாங்கும் பிள்ளைகள் ஏராளம். அந்த ஒரு சொல்லே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் அவளைத் தலைகுனியச் சொல்லி, முடியை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். தோல் வெறுமனே நிறம் மாறியிருக்கிறதா, அல்லது தடித்து, வெல்வெட் துணியைத் தடவுவதுபோல் மெத்தென்று, கழுத்தின் குறுக்குக் கோடுகள் ஆழமாகத் தெரியும்படி இருக்கிறதா? பின்னது என்றால் அது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நைகிரிகான்ஸ் எனப்படும் மாற்றமாகவே இருக்கும். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்துவிட்ட அந்த இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்வதால், மடிப்புகளில் தோல் தடித்துப்போகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் கருமை பெரும்பாலும் இந்தத் தடிப்பினால் வருவதே அன்றி, நிறமி கூடியதால் வருவது அல்ல. வெளுப்பூட்டும் கிரீமோ நிறமியைக் குறிவைத்துச் செய்யப்பட்ட பொருள். ஆகவே அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்தக் கருமையைப் பொறுத்தவரை தவறான சரக்கே.

கிரீமுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் இரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் தொடக்கத்துக்குப் போதும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை; 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவாக இருக்கலாம், மருத்துவர் மீண்டும் சோதித்து உறுதி செய்வார். அளவுகள் இயல்பாக இருந்தாலும் இன்சுலின் மிகுந்திருக்கக்கூடும் என்பதால், ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் உடன் இருந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் பார்க்கச் சொல்லுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்து அது குறையும்போது, பூச்சு எதுவும் இல்லாமலே கழுத்து மெல்லத் தெளிவதைக் காணலாம். அது வாரக்கணக்கில் நடப்பதல்ல, மாதக்கணக்கில் நடப்பது. மருத்துவர் அனுமதித்தால் 10 சதவீத யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீம் தடிப்பை மென்மையாக்கும். டிரெட்டினாயின் போன்ற பூச்சு மருந்துகள் மருத்துவர் எழுதிக் கொடுத்து மட்டுமே வாங்க வேண்டியவை.

இனி, நீங்கள் ஏற்கெனவே வாங்கிய கிரீமுக்கு வருவோம். பத்து நாளில் நிறம் தெளிந்து, நிறுத்தியதும் எரிச்சலோடு கருமை திரும்பியது என்று படித்தவுடன் எனக்கு ஸ்டீராய்டு மீதுதான் சந்தேகம் எழுந்தது. குழாயின் மடிந்த நுனிக்கு அருகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் தோல் மெல்லியது, காற்றோட்டமும் குறைவு. ஆகவே அங்கே ஸ்டீராய்டு கூடுதலாக உள்ளே இறங்கித் தோலை இன்னும் மெலிதாக்கி, பிறகு எதைப் பூசினாலும் முழுவதும் மறையாத வரித் தழும்புகளை உண்டாக்கிவிடும்.

சேர்மானப் பட்டியலே இல்லாத கிரீம் அதைவிட அபாயமானது. சில வெளுப்பூட்டும் கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். 2013-இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை விலக்க வேண்டும் என்றது. ஆனாலும் அவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘கேலொமெல்’, ‘மெர்குரி’ என்ற சொற்களும், ‘வெள்ளி, தங்கம், அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கையும் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். அந்தக் குழாயைக் குப்பையில் போட்டுவிடாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மகளின் தோலைப் பார்ப்பதைப் போலவே அதையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சோப்பு போட்டால் போகாமல், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தால் மட்டும் முழுவதும் வந்துவிடும் ஒரு வகைக் கருமை பிள்ளைகளுக்கு வருவதுண்டு. நன்றாகக் குளிக்கும் பிள்ளைக்கும் அது வரும். எரிச்சல் இல்லாத இடத்தில், கழுத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டும் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். புண்ணான அக்குளில் வேண்டாம்.

கேள்வி: எனக்குத் தொடை இடுக்கில் கருமையும் அரிப்பும். மருந்துக் கடையில் கேட்டபோது, மூன்று மருந்துகள் கலந்த கிரீம் ஒன்றைக் கொடுத்தார்கள். பூசினால் அடங்குகிறது, விட்டால் பரவுகிறது. இரண்டாவது குழாய் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அரிப்போடு வரும் கருமைக்குப் பெரும்பாலும் பூஞ்சைப் படையே காரணம். ஓரம் மட்டும் தடித்து வட்டமாகப் பரவுவதே அதன் அடையாளம். கலப்புக் கிரீமில் உள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிக் காட்டிக்கொண்டே பூஞ்சை பரவ இடம் கொடுக்கிறது; சில வாரங்களில் அந்த ஓரமும் மங்கிப்போவதால், பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது. அரிப்பே இல்லாமல் பழுப்பு நிறத்தில் மெல்லிய செதிலாக இருந்தால், அது எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம்; மருத்துவர் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை அதன் மேல் பிடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும். இதற்கு வேறு மருந்து. எதுவானாலும், குளித்தபின் மடிப்பை ஈரம் போகத் துடைத்துக் காயவிடுங்கள். இறுக்கமான உள்ளாடையை மாற்றுங்கள்.

கேள்வி: எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தால் செலவில்லாமல் போய்விடும் என்கிறார்களே?

பதில்: முந்தையது கடும் அமிலம், பிந்தையது காரம், மெல்லிய மடிப்புத் தோல் இரண்டையும் தாங்காது. தேய்ப்பதால் வரும் புண் ஆறும்போது அந்த இடம் மேலும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது கொப்புளமே வருவதுண்டு.

கேள்வி: என் தந்தைக்கு வயது 60, ஒல்லியான உடல்வாகு. மூன்று மாதத்துக்குள் கழுத்தும் அக்குளும் கறுத்து, உள்ளங்கையும் தடித்துவிட்டது. பசியும் குறைந்திருக்கிறது. எந்த மருந்து பூசலாம்?

பதில்: எதையும் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பொது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எடை மிகாத முதியவருக்குத் திடீரென வேகமாகப் பரவி, உள்ளங்கையையும் உதட்டையும் தொடும் கருமை, அரிதாக வயிறு போன்ற உள்ளுறுப்புகளில் தோன்றும் புற்றுநோயின் வெளி அறிகுறியாக இருக்கக்கூடும். பசி குறைந்ததையும், எடை எவ்வளவு இறங்கியது என்பதையும், கருமை எப்போது தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.