கடையில் கேட்டது பந்தலில் கேட்குமா?

கேள்வி: யமஹா எஸ்.எக்ஸ்.700, கோர்க் பிஏ700 ஆகிய இரண்டு கீபோர்டுகளில் எதன் ஒலி நல்லது? குடியாத்தம் பக்கம் திருவிழாக் கச்சேரிகளுக்கு வேண்டும்.
– வாசகர், ஆற்காடு

பதில்: புல்லாங்குழல், சாக்ஸபோன் என்றால் என் ஓட்டு யமஹாவுக்கு, ஊதுகிற ஆளின் மூச்சே தெரியும். தாளக்கட்டில் கோர்க் கனம், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும். ஆனால் அதனதன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு இனிக்கும் (விற்பவருக்கும் இது தெரியும்). ஒரே மிக்ஸரில் இணைத்து, சத்தத்தைச் சமமாக வைத்துக் கேளுங்கள்.

அப்புறம் மோனோ, அதாவது இடம், வலம் என்று பிரியாமல் ஒரே ஒலியாக வருவது. நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர் பெரும்பாலும் ஒரே ஒயர்தான் தருவார். ஸ்டீரியோவில் பரந்து கேட்ட பியானோ, இடமும் வலமும் ஒன்றாகும்போது சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தகர டப்பாவாகிவிடும். யமஹாவில் 'எல்/எல்+ஆர்' துளையில் மட்டும் செருகினால் இரண்டும் கலந்து வரும். அப்படியே வாசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.