கம்பி நீண்டதும் தந்தி அடிக்கவில்லையா? சுற்றைக் கூட்டுங்கள்

வணக்கம் நண்பரே. மேசையில் டக்டக்கென்று அடித்த, ஆணியும் கம்பியும் வைத்துச் செய்த தந்திக் கருவியை, மகளின் அறிவியல் கண்காட்சிக்காக 10 மீட்டர் தள்ளி வைத்ததும் தகரப் பட்டை அசையவே இல்லை என்கிறீர்கள். மின்சாரம் பாயும்போது காந்தமாகிப் பட்டையை இழுக்கும் ஆணியில் கம்பி 40 சுற்று மட்டும் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

காந்தத்தின் வலு மின்னோட்டத்தையும் சுற்று எண்ணிக்கையையும் பொறுத்தது. போக வர 20 மீட்டர் மெல்லிய கம்பி சேர்ந்ததும் மின்தடை கூடி மின்னோட்டம் சரிந்துவிடுகிறது. அதை ஈடுகட்டச் சுற்றுகள் வேண்டும். மோட்டார் வைண்டிங் கடையில் 30 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) எனாமல் பூசிய செப்புக் கம்பி வாங்கி, ஒரே திசையில் நெருக்கமாக 300 சுற்று சுற்றுங்கள். இரு முனைகளிலும் எனாமல் பூச்சு போய்ச் செம்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பேட்டரி இரண்டைத் தொடராக (ஒன்றன் பின் ஒன்றாக) இணையுங்கள்.

1831-இல் அமெரிக்காவின் ஆல்பனியில் இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி ஒரு மைலுக்கும் அதிகமான கம்பி வழியே மணியை அடிக்கவைத்தது இதே வழியில்தான்: நிறையச் சுற்றுகள், தொடராக இணைத்த மின்கலங்கள். மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், நடுவர் கேட்டால் அருமையான பதில்.

ஆணித் தலைக்கும் பட்டைக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர் போதும். சாவியை (அழுத்தினால் மின்சாரம் பாயும் சுவிட்சை) விட்ட பிறகும் பட்டை ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆணியில் காந்தம் தங்கிவிட்டது என்று அர்த்தம். ஆணித் தலையில் செலோடேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், விட்டுவிடும். சாவியை அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டாம், சுருள் சூடேறும்.