வாங்குவதும் கணக்கு வைப்பதும் கழிப்பதும்: கல்லூரி நூலகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கொள்முதல், சந்தா, இருப்புச் சரிபார்ப்பு பற்றி நூலகர்களும் பிறரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவைப் பல காலம் கவனித்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி (சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி நூலகர்): வணக்கம் மேடம். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி கடைசியில் கூப்பிட்டு, "நாலு லட்சம் இருக்கிறது, மார்ச் 31க்குள் பில் வைத்துவிடுங்கள்" என்கிறார்கள். துறைத்தலைவர்களிடம் பட்டியல் கேட்டால் வருவதே இல்லை.

மார்ச்சில் கேட்டால் வராது தம்பி. அவர்கள் இன்டர்னல் மார்க், செய்முறைத் தேர்வு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜூன், ஜூலையில் கேளுங்கள். அப்போதும் வெறும் படிவத்தை அனுப்பாதீர்கள், அது மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். பாடத்திட்டத்தில் உள்ள நூல் பட்டியலை நீங்களே எடுத்து, ஒவ்வொன்றும் நம்மிடம் எத்தனை படி இருக்கிறது, போன வருஷம் எத்தனை முறை இரவல் போனது, புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். டிக் அடிக்க யாரும் சோம்பல்படுவதில்லை.

இந்த வருஷத்துக்கு என்ன செய்வது என்றால், விற்பனையாளர் வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அவரிடம் தேங்கியதுதான் உங்கள் அலமாரிக்கு வரும். கவுண்டரில் மாணவர்கள் கேட்டுக் கிடைக்காமல் போன நூல்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். முன்பதிவு வரிசை நீளும் நூல்களுக்குக் கூடுதல் படி வாங்குங்கள். இதழ்ச் சந்தா முன்பணமாகத்தான் கட்டுகிறோம் என்பதால் அடுத்த ஆண்டுச் சந்தாவையும் முறைப்படி இதில் சேர்க்கலாம். மிச்சம் ஐம்பதாயிரம் திரும்பிப் போனாலும் குடி முழுகாது. யாரும் தொடாத நூறு புத்தகத்துக்கு எண் போட்டு, லேபிள் ஒட்டி, வருஷா வருஷம் எண்ணிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

கேள்வி (பொறியியல் கல்லூரி நூலகர்): ஒரு வெண்டர் 10 சதவீதம் கழிவு தருகிறார், இன்னொருவர் 40. நிர்வாகம் 40க்குக் கொடு என்கிறது. எனக்கு ஏதோ உறுத்துகிறது.

உறுத்துவது சரிதான். 40 சதவீதம் எந்த விலையிலிருந்து கழிகிறது என்று முதலில் கேளுங்கள்.

அச்சிட்ட விலைமேல் ஸ்டிக்கர் ஒட்டி வரும் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். 600 ரூபாய்ப் புத்தகத்தில் 1,200 என்று ஒட்டி 40 சதவீதம் கழித்தால் நீங்கள் 720 கட்டுகிறீர்கள். 10 சதவீதக்காரரிடம் அதே புத்தகம் 540. ஆகவே பில்லோடு விலைச்சான்று கேளுங்கள்: பதிப்பாளரின் பட்டியல் பக்கமோ, பதிப்பாளர் விற்பனையாளருக்குக் கொடுத்த இன்வாய்ஸோ. சாம்பிளுக்குப் பத்துத் தலைப்பை நீங்களே பதிப்பாளர் இணையதளத்தில் பாருங்கள். ஒன்று தப்பினால் மொத்த பில்லையும் பாருங்கள்.

அடுத்தது டாலர் விலை. நூல் வியாபாரத்துக்கான குழுவான குட் ஆபீசஸ் கமிட்டி, நாம் சுருக்கமாக ஜிஓசி என்பது, அவ்வப்போது வெளியிடும் மாற்று விகிதத்தில்தான் நூல் வியாபாரம் நடந்து பழக்கம். அது வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். கணக்காளர் இதைப் பார்த்து ஆட்சேபம் எழுப்புவது வாடிக்கை. சண்டை பில் வந்த பிறகு வேண்டாம். "பில் தேதியின் வங்கி விகிதம்" அல்லது "ஜிஓசி விகிதம்", எது உங்கள் நிறுவனத்தின் முடிவோ அதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுங்கள். எழுதாத நிபந்தனையை யாரும் மதிப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: தெற்காசியாவில் மட்டும் விற்கும் மலிவுப் பதிப்பு இருக்கும்போது வெளிநாட்டுக் கெட்டி அட்டைப் பதிப்பைத் தள்ளிவிடுவது. இளங்கலைப் பாடநூல்களில் விலை வித்தியாசம் பல மடங்கு. கழிவு எத்தனை கொடுத்தாலும் அதை ஈடுகட்டாது. ஆணையில் தலைப்போடு ஐஎஸ்பிஎன் எண்ணும் எழுதுங்கள், பதிப்பு மாறி வராது. ஒரு எச்சரிக்கை: இந்தியப் பதிப்பில் சில சமயம் அத்தியாயமோ பயிற்சிக் கணக்குகளோ மாறியிருக்கும். ஆசிரியரிடம் ஒரு படி காட்டிக் கேட்டபின் முப்பது படி வாங்குங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி, தனியார் பொறியியல் கல்லூரி): அரசுக் கல்லூரித் தோழி 'ஒரே நாடு ஒரே சந்தா'வில் எல்லாக் கட்டுரையும் எடுக்கிறாள். எங்களுக்கு ஏன் இல்லை?

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் ஒருங்கிணைக்கிறது. பயன் பெறுபவை மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும், 6,300க்கு மேல். தனியார் கல்லூரி அதில் வரவில்லை. நாட்டில் பாதிக்கு மேல் பிள்ளைகள் படிப்பது தனியாரில். 'ஒரே நாடு' என்ற பெயருக்கு இது பொருந்தவில்லை என்பது என் கருத்து. கலை அறிவியல் கல்லூரிக்குக் குறைந்த கட்டணத்தில் மின்னிதழ், மின்னூல் தரும் என்-லிஸ்ட் இருக்கிறது, ஆனால் பொறியியல் கல்லூரிகளுக்கு அதுவும் கிடையாது.

உங்களுக்கு மிஞ்சும் வழிகள்: அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி எங்காவது இருந்தால் காட்டிவிடும். கணினி, இயற்பியல் என்றால் ஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்தில் கட்டுரையின் முன்வரைவு அநேகமாக இருக்கும். கட்டுரை எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலோர் சந்தோஷமாக அனுப்புவார்கள். உங்கள் கல்லூரி டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள், நூல் இரவலும் கட்டுரை நகலும் அது வழியாக வரும். கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றிக் கேட்காமலே கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2020இல் வழக்கு வந்தது, 2025இல் தளத்தை முடக்க உத்தரவும் வந்தது. நூலகக் கவுண்டரில் இருந்தபடி நான் அதைக் கைகாட்ட முடியாது.

கேள்வி (அரசுப் பல்கலைக்கழக உதவி நூலகர்): ஒரே சந்தா வந்துவிட்டதே, எங்கள் இதழ்ச் சந்தாக்களை எல்லாம் நிறுத்தி அந்தப் பணத்தில் கட்டட வேலை செய்யலாம் என்று நிதிக்குழுவில் பேச்சு.

அவசரப்பட வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். முதலில் தலைப்புவாரியாக ஒப்பிடுங்கள். திட்டத்தில் இருப்பதற்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவது நியாயம். ஆனால் தமிழ் ஆய்விதழ்கள், சிறு சங்கங்கள் வெளியிடும் இந்திய அச்சு இதழ்கள், உங்கள் வட்டார வரலாறு சார்ந்தவை எதுவும் அந்த 13,000இல் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் தரவுத்தளங்களும் மின்னூல்களும் தனிச் செலவு.

தவிர, ஒப்புதல் 2027 முடிய மட்டும். பழைய உரிமங்களில் 'நிரந்தர அணுகல்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் சந்தா நின்ற பிறகும் உங்களுக்கு உரிமை. இல்லையென்றால் இத்தனை வருஷமும் வாடகைதான் கட்டியிருக்கிறோம். அந்தக் கோப்பு பழைய நூலகர் காலத்தோடு போய்விட்டது என்றால் பதிப்பகத்துக்கு எழுதி நகல் வாங்குங்கள். நூலக நிதி ஒருமுறை வேறு தலைப்புக்குப் போனால் திரும்பி வருவது கடினம்.

கேள்வி (வணிகவியல் துறைத்தலைவர்): ஒரு மின்வளம் கட்டுப்படியாகிறதா என்று எப்படித்தான் முடிவு செய்வது?

சந்தாத் தொகையைப் பதிவிறக்க எண்ணிக்கையால் வகுங்கள். மூன்று லட்சம் கட்டி 600 கட்டுரை எடுத்திருந்தால் ஒன்றுக்கு 500 ரூபாய். அந்தக் கட்டுரைகளைத் தனித்தனியாக நகல் வாங்கினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் வையுங்கள். பதிப்பகத்திடம் 'கவுண்டர்' (COUNTER) என்ற, பயன்பாட்டை எண்ணும் பொதுத் தரத்தின்படியான அறிக்கை கேளுங்கள், அவர்கள் சொந்தமாகத் தயாரிக்கும் வண்ண வரைபடம் வேண்டாம். எல்லோரும் ஒரே முறையில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

அச்சு நூலுக்கும் இதே கேள்வி பொருந்தும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1979இல் வெளியான ஓர் ஆய்வு, 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று காட்டியது. நம் ஊரில் இப்படி எண்ணிப் பார்க்கவே பலர் தயங்குகிறார்கள்.

அதற்காக எண்ணை மட்டும் பார்த்து வெட்டவும் கூடாது. கல்வெட்டியலுக்கு மூன்றே மாணவர்கள் இருந்தால் எண்ணிக்கை சிறிதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வணிகவியல் தரவுத்தளத்துக்கு முந்நூறு மாணவர்கள் இருந்தும் பயன்பாடு ஒற்றை இலக்கம் என்றால், நூலகத்துக்கு முன் துறையைத்தான் கேட்க வேண்டும் சார்.

கேள்வி (பெயர் வேண்டாம்): அடுத்த வருஷம் ஓய்வு. காணாமல் போன புத்தகங்களுக்கு என் பணப்பலனில் பிடிப்பார்களோ என்று தூக்கம் வரவில்லை.

இந்தப் பயத்தால்தான் பல நூலகங்களில் அலமாரிகளுக்குப் பூட்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215ஐ எடுத்துப் படியுங்கள். ஓராண்டில் இரவல் போன, பார்வைக்கு எடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை இழப்பு நியாயமானது, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு போதும்.

இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. உங்கள் கல்லூரியின் ஆட்சிக்குழு இதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த விதியை மேற்கோள் காட்டி இப்போதே ஒரு தீர்மானம் கேளுங்கள். ஓய்வுக்கு முந்தைய மாதம் வரை காத்திருக்காமல் இந்தப் பருவத்திலேயே வேறு துறை ஆசிரியர்களைக் கொண்டு சரிபார்ப்பை முடித்து, தொலைந்தவற்றின் பட்டியலை விலையோடு முதல்வரிடம் கொடுத்துக் கையொப்பத்தோடு நகல் வாங்கி வையுங்கள். கிழிந்தவை, காலாவதியான பதிப்புகள் தனிப் பட்டியல். இரண்டையும் கலந்தால் எல்லாமே தொலைந்தவையாகத் தெரியும்.

கேள்வி (மகளிர் கல்லூரி நூலகர்): ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டிலிருந்து மூவாயிரம் நூல் தருகிறார்கள். தனி அறை, பெயர்ப்பலகை கேட்கிறார்கள்.

பட்டியல் முதலில், லாரி பிறகு. நம்மிடம் இல்லாதவற்றை மட்டும் எடுப்போம், மற்றதை நாங்கள் வேறு நூலகங்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். தனி அறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நூலின் உள்ளட்டையில் அவர் பெயர் இருந்தால் போதும்.

கேள்வி (தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர்): நல்ல தமிழ் நூல்கள் ஒரு வருஷத்தில் அச்சில் இல்லாமல் போகின்றன. ஆனால் நூலகத்தில் மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள் அம்மா.

ஒரே பதிப்பகம் போடும் நூலுக்கு மூன்று கொட்டேஷன் எங்கிருந்து வரும்? சிறு பதிப்பகங்கள் சில நூறு படிதான் அடிக்கின்றன. நாம் ஒப்புதல் வாங்கி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் வரும். டிசம்பரிலேயே தொகை குறிப்பிட்டு, 'நேரடித் தேர்வு' என்று முதல்வரிடம் அனுமதி வாங்குங்கள். இரண்டு ஆசிரியர்களும் நூலகரும் சேர்ந்து போங்கள். இருக்கும் நூல் பட்டியலைக் கைப்பேசியில் கொண்டுபோனால் இரட்டிப்பு வராது. காட்சியில் வழக்கமாகக் கிடைப்பது 10 சதவீதம். கூடுதலாகக் கேட்டுச் சின்னப் பதிப்பாளரை நெருக்காதீர்கள். எல்லா அரங்கிலும் கல்லூரிப் பெயரில் பில் வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவதைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.

கேள்வி (கல்லூரிக் கணக்காளர்): நூலக மேலாண்மை மென்பொருளான கோஹா இலவசம் என்றார்கள், இப்போது பராமரிப்புக்குப் பணம் கேட்கிறார்கள். நூல்களுக்கு ஜிஎஸ்டி இல்லை என்றார்கள், மின்வளத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

கோஹா மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. சர்வர், காப்புப் பிரதி, பதிப்பு உயர்த்துதல், பிழை வந்தால் பார்க்க ஓர் ஆள், இதற்கெல்லாம் பணம் வேண்டும். அப்படியும் உரிமம் வாங்கும் மென்பொருளைவிட மலிவுதான், தரவும் உங்கள் கையிலேயே இருக்கும்.

அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, சரி. பட்டப்படிப்பு நடத்தும் நிறுவனங்களுக்கு வழங்கும் கல்விசார் இணைய இதழ்களுக்கு 2018 ஜனவரியில் விலக்கு வந்தது. மென்பொருள், தரவுத்தளம் என்று பில்லில் பெயர் மாறினால் அந்த விலக்குப் பொருந்தாமல் போகலாம். பில் போடும் முன்பே விற்பனையாளரிடம் எந்தத் தலைப்பில் போடுகிறார் என்று கேட்டு, உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.