பழி விழுமோ என்று அஞ்சும் தாய்க்கு: உயிர்மருத்துவப் பொறியியல் குறித்து

களியக்காவிளையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் மகள் உயிர்மருத்துவப் பொறியியல், அதாவது மருத்துவக் கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் படிப்பு, படிக்க விரும்புகிறாள். நர்சிங் போதுமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மருத்துவமனைக் கணினிகளை யாரோ முடக்கிய செய்தியைப் படித்ததிலிருந்து, "கருவி பழுதாகி நோயாளிக்கு ஏதாவது ஆனால், பழி என் மகள் தலையில் விழாதா?" என்ற கவலை உங்களை வாட்டுகிறது. என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். நீங்கள் பொறுப்பைக் கேட்டிருப்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

உங்கள் அச்சம் வீணானதன்று. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, புறநோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை பல நாட்கள் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. 2017 மே மாதம் வான்னக்ரை என்னும் வைரஸ் பிரிட்டனின் மருத்துவமனைகளில் பரவியபோது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிகளும் சிக்கின. ஆனால் அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

அப்படியானால் அந்தத் திருத்தத்தைக் கருவிகளில் ஏன் உடனே போடவில்லை என்று கேட்பீர்கள். வீட்டுக் கணினியைப் போல மருத்துவக் கருவியின் மென்பொருளை நாமாக மாற்றிவிட முடியாது. மாற்றிய பின்னும் மருந்தின் அளவும் அலாரமும் சரியாக இயங்குகின்றனவா என்று கருவியைத் தயாரித்தவர் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். அது வரும்வரை அந்தக் கருவியை மருத்துவமனையின் பொது நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனியே வைப்பது, தொழிற்சாலையில் போட்டு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது, யாருடைய பென் டிரைவையும் அதில் செருக விடாமல் காப்பது ஆகியவை உங்கள் மகள் செய்யப்போகும் வேலைகள். அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில், பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்ட சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் பொருத்தும் கருவிகள்) மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது. எந்த நோயாளிக்கும் தீங்கு நேரும் முன்பே அது வந்தது. நோயாளி மருத்துவமனைக்கு நேரில் வந்தால் சுமார் மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். செய்தியில் பெரிதாக வராத இத்தகைய வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இணையத் தாக்குதலைவிட அன்றாடம் கவனிக்க வேண்டியது மின்சாரம். இதயத்தோடு நேரடியாக இணையும் கருவியிலிருந்து நோயாளியின் உடலுக்குக் கசியும் மின்னோட்டம், இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தரம். நம் விரல் உணரவே உணராத அளவு அது. ஆகவே எர்த் இணைப்பு, வயரின் உறை, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரின் பேட்டரி, சிரிஞ்சு பம்ப் தள்ளும் மருந்தின் அளவு என்று ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து அளந்து, தேதியும் கையொப்பமும் இட வேண்டும். நீங்கள் அஞ்சும் பழியிலிருந்து அவளைக் காக்கப்போவது அந்தப் பதிவேடுதான். அளக்காமல் கையொப்பம் இடுபவர்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கேஸ் ரெகுலேட்டரை மூடிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்கள் மகளிடம் இருக்கிறதா? மதிப்பெண்ணைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருந்தால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழியே சேரலாம். பட்டத்துக்குப் பின், சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்பும் உண்டு. கேரள எல்லை தாண்டி இருக்கும் ஸ்ரீசித்திரை நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து வெகுதொலைவில் இல்லை. இதய வால்வை நம் நாட்டிலேயே உருவாக்கி, 1990-இல் நோயாளிக்குப் பொருத்திய இடம் அது.

கல்லூரிப் பட்டியலை நிரப்புவதற்கு முன் இருவரும் நேரில் சென்று, மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு, எத்தனை வாரம் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றும், கசிவு மின்னோட்டத்தை அளக்கும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருக்கிறது என்றால், அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.