பதினைந்தாயிரத்துக்குள் ஒரு நல்ல சைக்கிள்

காட்பாடியிலிருந்து தினமும் வேலூர் கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறேன். ஞாயிறுகளில் ஆற்காடு வரை ஓட்ட ஆசை. கையில் 15,000 ரூபாய். ரோடு பைக்கா, ஹைபிரிட்டா?

ஹைபிரிட்தான், அதாவது நேர் ஹேண்டிலும் ரோடு பைக்கைவிட அகலமான டயரும் உள்ள சைக்கிள். இந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைக்கும் 'ரோடு பைக்' பெரும்பாலும் வளைந்த ஹேண்டில் மாட்டிய கனமான இரும்புச் சைக்கிள். டயர் ஓரத்தில் 700 x 35 அல்லது 38 என்று இருந்தால் போதும். இரண்டாவது எண்தான் அகலம், மில்லிமீட்டரில். நம் வேகத்தடைகளை அது தாங்கும். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த மாடல் வேண்டாம். மலிவு விலை ஷாக் எடையைத்தான் கூட்டும். டிஸ்க் பிரேக்குக்கும் ஏங்க வேண்டாம், ரப்பர் கட்டை பிடிக்கும் வி-பிரேக்கை எந்தக் கடையிலும் சரிசெய்யலாம். ஹெல்மெட், பூட்டு, பம்ப், விளக்கு வாங்க 2,000 ரூபாயை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பில்லையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 அல்ல, 5 சதவீதம்.

குடியாத்தத்தில் என் வீட்டருகே பஞ்சர் கடை இருக்கிறது. ஹைபிரிட்டுக்கு டயர், டியூப் அங்கே கிடைக்குமா?

பஞ்சர் ஒட்டுவார்கள். டயர் கிடைப்பது சந்தேகம். பழைய 28 இன்ச் சைக்கிள் டயரும் 700 டயரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் டயர் உட்காரும் ரிம் விட்டம் அதில் 635 மி.மீ., இதில் 622. ஒன்று மற்றதில் உட்காராது. அவசரத்துக்கு 29 இன்ச் எம்டிபி (மலைச் சைக்கிள்) டயர் இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் 622தான்; ஆனால் அகலம் அதிகம், சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் உரசலாம். ஒரு ஸ்பேர் டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும். வாங்கும்போதே டூவீலர் வால்வுதானா என்று பார்த்துக்கொண்டால் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். அப்புறம், பாலாற்றங்கரைப் பக்கம் போனால் சீமைக் கருவேல முள் நிச்சயம். டியூபை மாற்றும் முன் டயருக்குள் துணியால் தடவி முள்ளை எடுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கி நிற்கிறார்கள்.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். கடைக்காரர் 'எம்' சைஸ் போதும், சீட்டை இறக்கித் தருகிறேன் என்கிறார். (ராணிப்பேட்டை வாசகி)

வேண்டாம் அம்மா. சீட்டை இறக்கலாம், ஃபிரேமைச் சுருக்க முடியாது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் பாரின் இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். 'எஸ்' வரும்வரை காத்திருங்கள்.

படிப்பு முடித்து ஊருக்குப் போகும் மாணவரிடம் பழைய ரோடு பைக் வாங்கலாமா?

தாராளமாக. 15,000-க்கு நல்ல ரோடு பைக் வேண்டுமென்றால் அதுதான் வழி. ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 12 இன்ச் அளந்தால் இன்னோர் ஆணியின் நடுவில் சரியாக நிற்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு இன்ச்சுக்குமேல் நீண்டிருந்தால் செயினோடு பின்சக்கரத்துப் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், விலையில் குறையுங்கள். மிதிக்கட்டைகளின் அச்சு ஃபிரேமில் சேரும் இடத்துக்கு அடியிலுள்ள ஃபிரேம் எண்ணும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் பேரமே பேச வேண்டாம்.

கியர் சைக்கிளில் ஏலகிரி ஏறலாமா?

ஏறலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் இருந்தால் சமாளிக்கலாம். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் போக வேண்டாம்.