லேப்ல செல் செத்தா நோய் போயிடுமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு கல்லீரல் கேன்சர். கீழாநெல்லி, மஞ்சள் எல்லாம் கேன்சர் செல்லை கொல்லுதுன்னு சொல்றாங்களே, ட்ரீட்மென்ட்டை விட்டுட்டு அதைக் குடுக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு விட்டுடாதீங்கம்மா. லேப்ல ஹெப் ஜி2ன்னு ஒரு வகை கல்லீரல் கேன்சர் செல்லை தட்டுல வளர்த்து மருந்தை நேரா அதுமேல விட்டுப் பாக்குறாங்க, செல் சாகுறது உண்மைதான், ஆனா வாயால சாப்பிடுற மஞ்சள்ல இருக்குற குர்குமின் குடல்ல சரியா உறிஞ்சாது, உறிஞ்சுன கொஞ்சத்தையும் கல்லீரலே சீக்கிரம் மாத்தி வெளிய தள்ளிடும், அப்புறம் லேப்ல செல்லைக் கொன்ன அந்த அளவு ரத்தத்துல எங்க இருக்கும்? மூலிகையை ஒதுக்கல, வின்கிரிஸ்டின்ங்கற கேன்சர் மருந்தே நித்தியகல்யாணியில இருந்து வந்ததுதான், ஆனா பிரிச்சு, அளவு பாத்து, மனுஷங்ககிட்ட சோதிச்ச பிறகு. சீந்தில்ங்கற மூலிகைக் கொடியை சாப்பிட்ட சிலருக்கு கல்லீரல் பாதிச்சதா 2021லயே டாக்டர்கள் எழுதியிருக்காங்க. ஏற்கெனவே ஏதாவது குடுத்திருந்தா அப்பாவோட டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அவர் திட்ட மாட்டார்.