குடத்தைக் காணோம்! வாசகர் கேள்வி – பதில்

கே: விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தை, சித்தப்பா பிள்ளைகள் ஐந்து பேருக்கு ரோல்பிளே ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு) நடத்துகிறேன். நாற்பது பக்கம் கதை எழுதி வைத்தேன். முதல் நாள் ஒருவரும் கதை தொடங்கும் சத்திரத்தை விட்டே கிளம்பவில்லை. இரண்டு மணி நேரத்தில் முடியும்படி எழுத வழி சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, வீரவநல்லூர்

ப: முப்பத்தொன்பது பக்கத்தைப் பரணில் போடுங்கள். ஆட்டம் நடத்துபவருக்கு வேண்டியது கதையல்ல, சிக்கல். ஓரிடம், ஓரிரவு, ஒரே வேலை.

நம் ஊர்க் கோவில் கொடை விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடலைமாடன் கோவில், நள்ளிரவில் சாமக்கொடை. வில்லுப்பாட்டுக் குழு வந்து இறங்கிவிட்டது. வில் இருக்கிறது, வீசுகோல் இருக்கிறது, உடுக்கை இருக்கிறது, தாளம் தட்டும் குடத்தைக் காணோம். ஐவரும் அதைத் தேட வேண்டும். முதல் வாக்கியத்திலேயே அவர்களைப் பந்தலுக்குள் நிறுத்திவிடுங்கள். சத்திரத்தில் உட்காரவைத்தால் இட்லிதான் கேட்பார்கள்.

மேசையில் ஆறு புளியங்கொட்டை வையுங்கள். வீண் அலைச்சல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை போகட்டும். முயற்சி பலிக்குமா என்று பார்க்க உருட்டும் பகடை சரியாக விழாவிட்டால், ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று கதவைச் சாத்தாதீர்கள். துப்பு கிடைத்தது, ஆனால் ஒரு கொட்டை போயிற்று என்று சொல்லுங்கள். ஆட்டம் தேங்கிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொட்டை தீர்ந்தால் குடமில்லாமலே பாட்டு தொடங்கும். அப்போது சாமியாடி என்ன சொல்வார் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடம் வாழைத்தோட்டத்துப் பம்புசெட்டு அறையில் இருக்கிறது என்றால், அங்கே கொண்டுபோக மூன்று துப்புகள் வேண்டும், மூன்று இடங்களில். பந்தலருகே ஈரமண்ணில் காலடி. டீக்கடைக்காரர் காதில் விழுந்த ‘ணங்’ என்ற ஓசை. குளக்கரையில் கிடக்கும், குடத்தை உட்காரவைக்கும் பிரிமணை. ஒன்றைக் கவனிக்காமல் போவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

கதையில் பிள்ளைகள் சந்திக்கும் ஆட்கள் மூவர் போதும், ஆளுக்கு ஒரு வாக்கியம். ‘கொடைக்கு வரி பிரிப்பவர்: கணக்கு நோட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது.’ ‘முதல் மரியாதை கிடைக்காத பெரியவர்: யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கிறார்.’ குடத்தை எடுத்தவர் யாரென்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்குமே! அவர்களுடைய முப்பாட்டன் வரலாறெல்லாம் வேண்டாம். ஆட்டத்தின் நடுவே அதை யார் படிப்பது?

கே: 20 முகப் பகடை கைவசம் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: 1 முதல் 20 வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் என்னவென்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். இரண்டு சாதாரணப் பகடையை உருட்டிக் கூட்டினாலும் ஆட்டம் நடக்கும், ஆனால் கணக்கு வேறு. 36 வழிகளில் 7 விழ 6 வழி, 12 விழ ஒரே வழி. ஆகவே சுமாரான வேலைக்கு 7 அல்லது அதற்கு மேல், கடினமானதற்கு 10 அல்லது அதற்கு மேல் என்று வையுங்கள்.

கே: டிராகன் இல்லாமல் ரோல்பிளே ஆட்டமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ப: 1974இல் வெளிவந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஐரோப்பியப் பழங்கதைகளிலிருந்தும் தாங்கள் படித்த நாவல்களிலிருந்தும் பூதங்களை அள்ளிக்கொண்டார்கள். உங்களுக்கு மாடனும் இசக்கியும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: சாமியை அடித்து வீழ்த்துகிற மாதிரி ஆட்டம் எழுதாதீர்கள். பக்கத்து அறையில் பாட்டி விழித்துக்கொண்டுதான் இருப்பார்.